ரெண்டு தடவையும் என்னைத்தான்

முன் சீட்டுல அந்தப் புள்ளையும் பையனும் சண்டை போட்டுக்கிட்டே வர்றாங்கன்னு சலிச்சுக்கறீங்க. விடுங்க சார். கோபில பஸ் எடுத்ததுலருந்து நானும் கேட்டுக்கிட்டுத்தான் வர்றனுங்க. தண்ணி பாட்டிலை எடுத்துட்டு வர மறந்தது யாருங்கறதுல ஆரம்பிச்சு, இப்ப அந்தப் பையனோட அம்மா வரைக்கும் போயிருக்குது. முந்தியெல்லாம் பஸ்ஸுல யாராச்சும் சத்தம் போட்டா கண்டக்டரைக் கூப்புட்டுச் சொல்ற ஆளு நானு. இப்ப என்னமோ, கேக்கலாம்னு இருக்குது.

நீங்களும் பவானிசாகருங்களா? அப்பச் சரி. நேரம் இருக்குது, சொல்றனுங்க.

எம்பேரு நாச்சிமுத்து. கோபில மருந்துக்கடை. பெருமைக்குச் சொல்லலை, மாத்திரைய மாத்திக் குடுத்துட்டான்னு ஒரு பேரு வாங்குனதில்லைங்க. எங்கூட்டுக்காரி பேரு சாந்தாமணி. அவ என்னைய ரெண்டு தடவை தேர்ந்தெடுத்தவ. நம்ம காலத்துப் பொம்பளைங்களுக்கு ஒரு தடவைகூடக் கிடையாது, இல்லீங்களா? அப்பன் கை காட்டுன பக்கம் கழுத்தை நீட்டணும். இவ அப்படி இல்லை. அந்தப் பக்கமும் பாத்து, இந்தப் பக்கமும் பாத்து, ரோசனை பண்ணி, ரெண்டு தடவையும் என்னைத்தான். எத்தனை பேருக்குங்க இந்தக் குடுப்பினை?

நான் பொண்ணு பாக்கப் போனப்பவே அவ சொல்லிட்டா. அவங்கப்பாவுக்குக் கரும்பு, மஞ்சள், தென்னந்தோப்புன்னு நல்ல பண்ணையம். கூடத்துல எல்லாரும் பலகாரம் சாப்புட்டுட்டு இருக்கறாங்க. தோட்டத்தைச் சுத்திக் காட்டுன்னு மாமனார் எங்க ரெண்டு பேரையும் அனுப்புனாரு. வாழைக்குள்ள கொஞ்ச தூரம் போனதும் அவ நின்னுக்கிட்டா.

"நான் ஒருத்தருகூடப் போயிட்டு, பாதி வழியில திரும்பி வந்தவ. பண்ணையத்தாளோட பையன். பேரு மாரப்பன். கேக்கறதுன்னா இப்பவே கேட்டுருங்க" அப்படின்னா.

தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொல்லலைங்க. நேரா என் கண்ணைப் பாத்துச் சொன்னா. வேற ஒருத்தனா இருந்தா அன்னைக்கே செருப்பை மாட்டிக்கிட்டுக் கெளம்பியிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுங்களா?

"நான் கேக்க மாட்டேன்"னேன்.

"இப்பவா, எப்பவுமேவா?"

"எப்பவுமே."

அவ மூஞ்சியில ஒண்ணு வந்துச்சுங்க அப்ப. நிம்மதின்னு நெனைச்சேன். நிம்மதிதானுங்களே? வேற என்னவா இருக்கும்?

சொன்ன வாக்கைக் காப்பாத்துனேன். கல்யாணமாயி, புள்ளை பொறந்து, அந்தப் புள்ளைக்கும் கல்யாணமாயி பெங்களூர்ல குடி வெச்சு, இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை கேட்டதில்லைங்க. யாரு அவன், எப்படிப் பழக்கம், ஏன் போனே, ஏன் திரும்பி வந்தே, ஒண்ணும் கேக்கலை. அவளா ஒண்ணு ரெண்டு தடவை ஆரம்பிப்பா. மழை பேஞ்சு கிணத்துல தண்ணி ஏறியிருக்குதுன்னு யாராச்சும் சொன்னா, "எங்க தோட்டத்துக் கிணத்துல..."ன்னு இழுப்பா. நான் உடனே டிவிய வெச்சுருவேன். அவளுக்குச் சங்கடம் வந்துறக் கூடாது பாருங்க.

ஒரு குறை வெக்கலைங்க அவளுக்கு. எங்க வீதியில மொதல்ல மாவாட்டற கிரைண்டர் வந்தது எங்கூட்டுல. குளிக்க வெந்நீர் மெஷின், முட்டி வலிக்கப்படாதுன்னு உக்காந்து துணி தொவைக்க மேடை. ஒரு நோம்பிக்கு அவ அண்ணன் தோட்டத்துக்குப் போயிருந்தோம். சின்னப் புள்ளைங்க எல்லாம் கிணத்துல குதிச்சுட்டு இருக்குதுங்க. இவ படியோரத்துல நின்னுக்கிட்டு, "ஏனுங்க, நானும் ஒரு தடவை எறங்கட்டுங்களா?"ன்னா. இந்த வயசுல எதுக்கு, சளி புடிச்சுக்கும்னேன். "சரிங்க"ன்னுட்டா. எது சொன்னாலும் "சரிங்க"தான். அப்படி ஒரு பாங்கான பொம்பளை.

போன ஐப்பசியில ஒருத்தர் கடைக்குச் சீட்டு எடுத்துட்டு வந்தாரு. பக்கவாதத்துக்கு எழுதிக் குடுத்த மருந்து. யாருக்குங்கன்னு கேட்டேன். பவானிசாகர்ல மோட்டார் ரிப்பேர் பண்ற மாரப்பனுக்குன்னாரு. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துருச்சு, பொண்டாட்டி செத்துப் பல வருஷமாச்சு, குழந்தை குட்டி இல்லை, பக்கத்து வீட்டுக்காரங்கதான் கஞ்சி ஊத்தறாங்கன்னாரு. எனக்கு அந்தப் பேரு மறக்குமுங்களா?

மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனப்ப நாந்தான் சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன். அவ அவரைக்காய் நறுக்கிட்டு இருந்தா. "அந்த மாரப்பனுக்குக் கை கால் விழுந்துருச்சாம்"னேன். அவ நிமிந்து பாக்கலை. நறுக்கிக்கிட்டே இருந்தா. காய் தீந்து போச்சுங்க, கத்தி மட்டும் பலகையில போயிட்டு வந்துட்டு இருந்துச்சு.

மக்யாநாள் காலையில நான் கடைக்குக் கெளம்பறப்ப பையோட வந்து நின்னா. "நான் போய்ப் பாத்துக்கறனுங்க. மாவு ஆட்டி வெச்சிருக்குது. பொடி டப்பாவுல இருக்குது."

"எப்ப வருவே?"

"தெரியலைங்க."

கோவம் வந்துச்சான்னு கேப்பீங்க. எதுக்குங்க கோவம்? சீக்காளிக்குச் செய்யறது புண்ணியம். அவளுக்கு எளகுன மனசு. நான்தான் கொண்டு போய்ப் பஸ் ஏத்தி விட்டேன். அக்கம் பக்கத்துல கேட்டவங்ககிட்டப் பெங்களூர்ல மக வீட்டுக்குப் போயிருக்கறான்னு சொல்லிட்டேன். ஆனா ஊரு சும்மா இருக்குமா. மகளே போன்ல கத்துனா. "அப்பா, உங்களுக்குக் கோவமே வராதா? போயிக் கூட்டிட்டு வாங்க"ன்னா. "அம்மா சேவை பண்ணப் போயிருக்கறா கண்ணு"ன்னேன். போனை வெச்சுட்டா.

அப்புறம் மருந்து போய்ச் சேரணுமில்லைங்க? நானே எடுத்துட்டுக் கெளம்புனேன்.

வாய்க்கா ஓரத்துல சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. முன்னாடி எரிஞ்சு போன மோட்டாருங்க, செப்புக் கம்பி, துருப்புடிச்ச பைப்பு. வாசல்ல கால் வெக்கறதுக்குள்ள உள்ளருந்து ஒரு சத்தம் பாருங்க.

"வாயைத் தொறடா! கை விழுந்தா வாயும் விழுந்துருச்சா உனக்கு?"

யாரோ பக்கத்து வீட்டுப் பொம்பளைன்னு நெனைச்சேன். சத்தியமா அது எங்கூட்டுக்காரி குரல்னு எனக்குத் தெரியலைங்க.

"உப்பில்லாத... கஞ்சிய... நாயி குடிக்கும்"ங்கறான் அவன். நாக்கு குழறுது. ஆனா சத்தத்துக்குக் குறைச்சல் இல்லை.

"நாய்க்குத்தாண்டா காய்ச்சுனேன். குடி!"

"போடி... மேட்டுப்பாளையத்துல... வுட்டுப்போட்டு ஓடுனவதான நீயி..."

சொம்போ டம்ளரோ செவத்துல போயி அடிச்சு விழுந்துச்சு. "ஆமாண்டா, போனேன்! பஸ்ஸு நகரற வரைக்கும் ஜன்னல்ல தலைய நீட்டிப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஓடி வந்து ஏறி என் கையப் புடிச்சு எறக்கியிருந்தா எறங்கியிருக்க மாட்டனா? ஏண்டா வரலை நீ?"

"வீம்பு... உனக்கு மட்டுந்தானா... எனக்கும் இருக்குதுடி..."

நான் வாசல்ல கெடந்த தொவைக்கற கல்லுகிட்ட மருந்துப் பையோட நிக்கறேன். கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டு பேரும் சிரிக்கற சத்தம். அவன் சிரிக்கறது ஒரு பக்க வாயில காத்துப் போற மாதிரி. அவ சிரிக்கறது... அதை நான் கேட்டதில்லைங்க. அழுகைன்னுகூடச் சொல்லலாம்.

எனக்கு மனசுக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு. சீக்காளிய இப்படியா பேசறது? ஆனா அவ மேலயும் தப்புச் சொல்ல முடியாது. ராப்பகலாத் தூக்கி, தொடச்சு, குளிப்பாட்டி, பாவம், வேலை அதிகமாயிப் போச்சு. அதான் அந்தக் கத்தல். உடனே சத்தியமங்கலம் போயி, சீக்காளியப் பாத்துக்கற ஒரு அம்மாவை ஏற்பாடு பண்ணி அனுப்புனேன், இவ கொஞ்சம் கையக் காலை நீட்டட்டும்னு. பொழுதோட அந்த அம்மா திரும்பி வந்துட்டாங்க. "அந்த அக்கா வேண்டாம்னுட்டாங்க. ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு என்னையத் திட்டுனாங்க"ன்னாங்க.

இப்படியே மார்கழி வரைக்கும் போச்சு. அவன் கம்பை ஊனி நடக்க ஆரம்பிச்சுட்டான். கையும் கொஞ்சம் அசைஞ்சுச்சு. டாக்டருக்கே ஆச்சரியமுங்க. மருந்து ஒழுங்காப் போச்சு பாருங்க, நேரா நேரத்துக்கு.

பொங்கலுக்கு நான் கரும்பும் மஞ்சள் கொத்தும் எடுத்துக்கிட்டுப் போனேன். சாந்தா வாசல்ல பொங்கல் வெச்சிருந்தா. கருத்துப் போயி, கன்னமெல்லாம் ஒட்டிப் போயி, தலையில எண்ணெய் இல்லாம, சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு இருந்தா. எங்கூட்டுல எப்படி வெச்சிருந்தேன் அவளை! ஆனா சுறுசுறுப்பா இருந்தாளுங்க, அதைச் சொல்லணும். மூணு பேரும் உக்காந்து சாப்புட்டோம். சாப்புட்டு முடிச்சதும் மாரப்பன் கையைத் தொடச்சுக்கிட்டு நேராக் கேட்டான்.

"மொதலாளி, சுத்தி வளைக்கலை. இவ இங்கயே இருக்கட்டும்."

நான் டம்ளரை எடுத்துத் தண்ணி குடிச்சேன்.

"உங்ககிட்டக் கேக்கலை. அவகிட்டத்தான் கேக்கறேன். நீங்க இருக்கறப்பக் கேக்கணும்னு இருந்தேன். அதான்."

எங்கூட்டுக்காரி அவனைப் பாக்கலைங்க. என்னையப் பாத்தா. பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு வாழைக்குள்ள நின்னு பாத்தாளே, அதே மாதிரி நேரா. ஏதோ எதிர்பாக்கற மாதிரி இருந்துச்சு. அவளுக்குப் பயம்னு எனக்குத் தோணுச்சு. நான் கத்திருவேனோ, அடிச்சுருவேனோன்னு. அதனால ரொம்பப் பதனமாச் சொன்னேன்.

"உன் இஷ்டம் சாந்தா. நீ எது பண்ணுனாலும் எனக்குச் சம்மதம். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

எத்தனை ஆம்பளைங்க இப்படிச் சொல்லுவாங்க, நீங்களே சொல்லுங்க? ஆனா அந்த மாரப்பனுக்கு வந்துச்சு பாருங்க கோவம்! கம்பை எடுத்துத் தரையில ஓங்கி அடிக்கறான்.

"யோவ்! வேண்டாம்னு சொல்லுய்யா! என் பொண்டாட்டி, எந்திரிச்சு வாடின்னு கையப் புடிச்சு இழுய்யா! என்னைய நாலு சாத்துச் சாத்துய்யா! மனுசனா நீயி?"

அவன் எனக்காகப் பேசறானா, என்னைய எதுத்துப் பேசறானான்னே புரியலை. நான் சும்மா உக்காந்திருந்தேன். நானும் சரிக்குச் சரி வாயாடுனா அவனுக்கும் எனக்கும் என்னங்க வித்தியாசம்?

சாந்தா எந்திரிச்சா. ஏனத்தைக் கழுவிக் கவுத்து வெச்சா. வாசல்ல சாம்பலை அள்ளிக் கொட்டுனா. உள்ள போயி அந்தப் பையை எடுத்துக்கிட்டு வந்து என் பக்கத்துல நின்னு, "போலாமுங்க"ன்னா. அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. அவனும் கூப்புடலை. கட்டில்ல உக்காந்து, தூக்க முடியாத கையை இன்னொரு கையால புடிச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தான்.

பாத்தீங்களா? ரெண்டாவது தடவையும் என்னைத்தான்.

கூட்டிட்டு வந்தனுங்க. புது மெத்தை வாங்கிப் போட்டேன். ரெண்டு மாசம் அவ அடுப்புகிட்டயே வரவேண்டாம்னு சமையலுக்கு ஆள் வெக்கறேன்னேன். "வேண்டாமுங்க, நானே பண்ணிக்கறேன்"னா. பழையபடி காலையில காப்பி, மத்தியானம் சூடாச் சாப்பாடு, எது சொன்னாலும் சரிங்க. எல்லாம் ஒழுங்காத்தான் போகுது.

எனக்குத்தான் என்னமோ ஆச்சுங்க. கடையில உக்காந்திருந்தா அந்தக் குரல் காதுல வந்து நிக்கும். "வாயைத் தொறடா!" அந்தக் குரல் எங்கூட்டுல எங்க இருந்துச்சு? எந்த ரூம்புல இருந்துச்சு? ஒரு நாள் மத்தியானம் சாப்புட உக்காந்தேன். ரசம் ஊத்துனா. நல்ல ரசமுங்க. வேணும்னே தட்டைத் தள்ளிவிட்டுட்டுச் சத்தமாக் கேட்டேன்: "என்ன ரசம் இது? மனுசன் குடிப்பானா இதைய?"ன்னு. சொல்லிப்போட்டு, கடைசியில "ஏனுங்க"ன்னும் சேத்துட்டேன். பழக்க தோசம். யாராச்சும் கோவத்துல ஏனுங்கம்பாங்களா?

ரசம் தரையெல்லாம் ஓடுது. நான் அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கறேன். திட்டட்டும், ஒரு டம்ளரை எடுத்து அடிக்கட்டும்னு. அவ துணி எடுத்துட்டு வந்து தொடச்சா. வேற தட்டு வெச்சா. "மொளகு கொஞ்சம் தூக்கலாப் போச்சுங்களா? ஒரு நிமிசம் இருங்க"ன்னு உள்ள போயிப் புதுசா வெச்சு எடுத்துட்டு வந்தா. எனக்கு வெக்கமாப் போச்சு.

அன்னைக்குத்தானுங்க மொத மொதலா வாக்கை மீறுனேன். "சாந்தா, ஒண்ணு கேக்கட்டுமா? ஏன் திரும்பி வந்தே?"ன்னேன்.

அவ ரசத்துல கரண்டிய வெச்சுக்கிட்டே சொன்னா: "உங்ககூட இருந்தா எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

கேட்டீங்களா? ஒண்ணும் ஆகாதுங்கன்னா. ஒரு புருசனுக்கு இதைவிட வேற என்னங்க வேணும்? எத்தனை பாதுகாப்பா வெச்சிருந்தா அப்படி ஒரு வார்த்தை வரும்? அதைய நெனைச்சு நெனைச்சுப் பாக்கறனுங்க. தெனமும் நெனைச்சுப் பாக்கறேன்.

இப்ப எங்க போறேன்னு நீங்களே புரிஞ்சுக்கிட்டிருப்பீங்க. வாரத்துல ஒரு நாள் மாரப்பனைப் பாக்கப் போறனுங்க. அவளுக்குத் தெரியாது. சரக்கு எடுக்க ஈரோடு போறேன்னு சொல்லிட்டு வர்றேன். ஆனா பாருங்க, நான் கெளம்பற அன்னைக்குன்னு இந்தச் சட்டை மட்டும் தேச்சு மடிச்சு வெளிய இருக்குது. எப்படியோ அமையுது.

அவன் இப்பெல்லாம் வா, போ-தான். "வந்துட்டியா மொதலாளி, குந்து"ம்பான். பிரஷர் பாப்பேன், மாத்திரைய எடுத்து வெப்பேன். அப்புறம் சும்மா உக்காந்திருப்போம். நான் கேக்க மாட்டேன், அவனாச் சொல்லுவான். கிணத்துல பைப்போட அடியில இருக்கற ஃபுட் வால்வு அடைச்சுக்கிச்சுன்னு அவன் முங்கறதுக்கு வந்திருந்தப்ப, இவ மோட்டார் ரூம்பு மேலருந்து தலைகீழாக் குதிச்சாளாம். ஒரு தடவை சந்தையில கையப் புடிச்சு இழுத்தவனைத் தராசுத் தட்டால அடிச்சாளாம். ஊட்டியில எஸ்டேட்டுல வேலை பாக்கப் போலாம்னு கெளம்பி, மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டேண்டுல, பொறக்கற கொழந்தைக்கு யாரு அப்பன் பேரு வெக்கறதுன்னு ரெண்டு பேருக்கும் சண்டையாம். கொழந்தையே இல்லைங்க! அதுக்கே சண்டை. எங்கூட்டுக்காரிங்க சார். என்கூட இத்தனை வருஷம் இருந்தவ. நான் யாரோ ஒரு புள்ளையப் பத்திக் கேக்கற மாதிரி வாயைத் தொறந்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கறேன்.

போன வாரம் அவன்கிட்ட அதைச் சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். "உங்ககூட இருந்தா எனக்கு ஒண்ணும் ஆகாதுங்கன்னு சொல்லிட்டாப்பா"ன்னு. மொதல்ல சிரிச்சான். அப்புறம் செவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு, தோளு குலுங்கக் குலுங்க அழுகறான். நான் பயந்துட்டேன். அப்புறந்தான் நெனப்பு வந்துச்சு, பக்கவாதம் வந்தவங்களுக்கு அப்படி வரும். காரணமே இல்லாம அழுகை வரும், நிறுத்த முடியாது. நரம்புக் கோளாறு. டாக்டர்கிட்டச் சொல்லிப் பாக்கணும், அதுக்கும் மருந்து இருக்குது.

எனக்கும் வருதுங்க இப்பெல்லாம். கடையில யாருக்காச்சும் சில்லறை குடுத்துட்டு இருப்பேன், கண்ணு பாட்டுக்கு ஊத்தும். எனக்கு என்னங்க கோளாறு? பிரஷர் பாத்துட்டேன், சுகர் பாத்துட்டேன், ஈசிஜிகூட எடுத்துப் பாத்துட்டனுங்க. எல்லாம் நார்மலாத்தான் இருக்குது.